இரண்டாவது வண்டி: 4 லட்சத்துக்குள் எதை எடுப்பது? (கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் ஊர்ப் பக்கம் ஓட்ட)

கையாலைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் வாசிக்க மட்டும்தான் வந்தேன், இப்போது முதல் தடவையாகக் கேட்கிறேன். வீட்டில் 2017 எர்டிகா டீசல் ஒன்று இருக்கிறது. அது வாரத்தில் ஐந்து நாள் என்னோடு திருநெல்வேலிக்குப் போய்விடும். வீட்டுக்காரி டீச்சர், பள்ளிக்கூடம் போக வர 22 கிலோமீட்டர், இதுவரை ஸ்கூட்டர்தான். யுகேஜி படிக்கிற மகனையும் முன்னால் நிறுத்திக்கொண்டு போவாள். நம்ம ஊர் மழை தெரியும்தானே, ஜூனில் ஒரு தடவை கொட்டும், ஓய்ந்தது என்று ரெயின்கோட்டை மடித்து வைத்தால் ஐப்பசியில் மறுபடி வந்து நிற்கும். போன மாதம் ஒரு ஏற்றத்தில் ஸ்கூட்டர் சறுக்கி இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். பெரிய அடி இல்லை, பையனுக்கு முட்டில் தோல் போனது, டிபன் பாத்திரம் நசுங்கியது. அன்று ராத்திரி சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டாவது கார் என்று முடிவாகிவிட்டது, எந்தக் கார் என்பதில்தான் ஒரு மாதமாக இழுக்கிறது.

இதுபோக மாதம் இரண்டு தடவை அம்மாவை நாகர்கோவிலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். முழங்கால் வலி, ஆட்டோவில் ஏறவே கஷ்டப்படுகிறார். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற முடுக்கு இரண்டு பக்கமும் கையாலை (வேலிச் சுவர்), அகலம் சரியாக ஏழடி, நடுவில் ஒரு வளைவு. எர்டிகாவை அதில் இறக்கி ஏற்றி இரண்டு பக்கக் கதவிலும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பட்ஜெட் 4 லட்சம், மிஞ்சிப்போனால் நாலேகால். இப்போது கையில் இருக்கிற யோசனைகள்: பக்கத்து வீட்டு அண்ணன் 2014 ஆல்டோ 800 வைத்திருக்கிறார், ஒன்றேமுக்கால் லட்சம் சொல்கிறார், மைலேஜ் 22 கிடைக்கிறது என்று சத்தியம் செய்கிறார். நெய்யாற்றின்கரையில் 2019 வேகன்ஆர் ஒன்று, கேரளா ரிஜிஸ்ட்ரேஷன், 3.4 லட்சம். இல்லாவிட்டால் லோன் போட்டுப் புது ஆல்டோ கே10. மச்சான் எலக்ட்ரிக் எடு என்கிறான், அவன் எடுக்கமாட்டான், என்னை எடுக்கச் சொல்வான். எனக்கு முக்கியம் மைலேஜும் செலவும்தான். எதை எடுக்கலாம், சொல்லுங்கள்.


பற்றுவரவு:

மைலேஜ்தான் முக்கியம் என்று சொல்கிறீர்கள், அதனால் அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு நாள் 22 கிலோமீட்டர், மாதம் 24 நாள், நாகர்கோவில் இரண்டு தடவை, எல்லாம் சேர்த்து மாதம் 630 என்று வைத்தால் வருஷத்துக்கு 7,500 கிலோமீட்டர். பெட்ரோல் 102 ரூபாய் என்று வையுங்கள். 20 கொடுக்கிற வண்டிக்கு வருஷம் 38,250 ரூபாய். 16 மட்டுமே கொடுக்கிற வண்டிக்கு 47,800. வித்தியாசம் மாதம் 800 ரூபாய்! நல்ல மைலேஜ், மோசமான மைலேஜ் என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் இந்த 800 ரூபாய்க்காகத்தான். இதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து வண்டி எடுத்தால் அந்த ஒரு லட்சம் திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

குறைவாக ஓடுகிற வண்டியில் காசு போவது வேறு வழியில். இன்சூரன்ஸ், விலை இறக்கம், பேட்டரி, டயர், வட்டி. இன்சூரன்ஸில் ஒன்று கவனியுங்கள், இன்ஜின் 1000 சிசிக்குள் இருந்தால் வருஷத் தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416. இது 2022-ல் நிர்ணயித்த கட்டணம். வேகன்ஆர் 1.0, 1.2 இரண்டிலும் வருகிறது, முடிந்தால் 1.0 பாருங்கள், உங்கள் ஓட்டத்துக்கு அது போதும்.

புதிது என்றால்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அந்தச் சமயத்தில் ஆல்டோ கே10 ஆரம்ப விலை 3.69 லட்சம், வேகன்ஆர் 4.98 லட்சம் என்று வந்தது. ஆனால் அது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை உள்ள காருக்கு 12 சதவீதம் ரோடு டாக்ஸ், அதன்மேல் இன்சூரன்ஸ், அதற்குமேல் டீலர் நைசாகச் சேர்க்கிற சீட் கவர், மேட், கோட்டிங். பேஸ் மாடல் ஆல்டோவே நாலேகாலை ஒட்டிவிடும். பழைய வண்டி லோனுக்கு வட்டி கூடுதல், புதிதுக்குக் குறைவு, அதையும் மறக்கவேண்டாம். கையில் ரொக்கம் இருந்தால் மட்டும் பழையது எடுங்கள், இது என் கருத்து.


களியக்காவிளை பார்டர்:

கேரளா வண்டி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான், வண்டி பார்க்கப் பளபளவென்று இருக்கும், விலையும் இங்கத்தையதைவிட நாற்பது ஐம்பதாயிரம் குறைவாகச் சொல்வார்கள், அதில்தான் விழுந்தேன்.

வாங்கினபோது விற்றவர் "என்ஓசி பத்து நாளில் கைக்கு வந்துரும்" என்றார். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்று அந்த ஆர்டிஓ தருகிற சான்றுதான் என்ஓசி. வண்டி மேல் இரண்டு பழைய அபராதம் கட்டாமல் கிடந்தது, அதைக் கட்டாமல் என்ஓசி நகரவில்லை. அதை யார் கட்டுவது என்பதிலேயே ஒரு மாதம். அப்புறம் பழைய லோனை அடைத்துவிட்டார், ஆனால் ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்று) பேங்க் பெயரை எடுக்கவில்லை, அதற்கு ஃபார்ம் 35 வேண்டும், பேங்க் கடிதம் வேண்டும். அது முடிந்து இங்கே வந்தால் வண்டியின் வயதுக்குத் தக்கபடி தமிழ்நாட்டு ரோடு டாக்ஸை மறுபடி கட்டவேண்டும். அங்கே 15 வருஷத்துக்குக் கட்டின டாக்ஸில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பார்கள், கேட்கலாம், நானும் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டக்கூடாது, மாற்றியே ஆகவேண்டும். மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர் உண்டு, தெரியும், அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டம்மா தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவர், நடுவழியில் நிறுத்தி ஆர்சி கேட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். டிஎன் 74, டிஎன் 75 என்று நம்ம மாவட்ட நம்பராகப் பார்த்து எடுங்கள், இருபதாயிரம் கூடினாலும் நிம்மதி. எனக்குக் கடைசியில் மிஞ்சிய லாபம் எட்டாயிரம் ரூபாய், அலைந்த பெட்ரோலைக் கழிக்கவில்லை.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது, பார்டருக்கு அந்தப் பக்கம் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதல், அதனால் அவர்கள் இங்கே வந்து அடிக்கிறார்கள், நாம் அங்கே போய் வண்டி வாங்குகிறோம்.


மலையோர டீச்சர்:

மேலே இருக்கிற மூன்று பேரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். வண்டி ஓட்டப்போவது யார்? அந்தத் தங்கச்சி. அவளைக் கேட்டீர்களா? பதிவு முழுவதும் வாசித்தேன், "எனக்கு முக்கியம் மைலேஜ்" என்று இருக்கிறது, அவளுக்கு என்ன முக்கியம் என்று ஒரு வரி இல்லை.

நானும் டீச்சர்தான், அருமனைக்கு மேலே, ஆறு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். எங்க வீட்டிலும் முதலில் பழைய ஆல்டோதான் வாங்கித் தந்தார்கள், பழகுகிற வண்டிதானே, இடித்தால் இடிக்கட்டும் என்று. பவர் ஸ்டியரிங் இல்லாத பேஸ் மாடல். முடுக்கில் திருப்ப இரண்டு கையும் போட்டு இழுக்க வேண்டும், மழையில் கண்ணாடி முழுக்கப் புகை மூடும், ஏசி போட்டால் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கூட்டருக்கே போய்விட்டேன், கார் ஷெட்டில் கிடந்தது. ஒன்றேமுக்கால் லட்சத்தை ஷெட்டில் நிறுத்தி வைக்கத்தான் வாங்குகிறோம் என்றால் சரி.

ஏழடி முடுக்கு என்கிறீர்கள். ஆல்டோ கே10 அகலம் 1490 மில்லிமீட்டர், வேகன்ஆர் 1620. இரண்டுக்கும் நடுவில் ஐந்து அங்குலம்தான் வித்தியாசம், கண்ணாடியை மடக்கினால் இரண்டும் போகும். பயம் வருவது அகலத்தால் இல்லை, முன்னால் பானெட் எங்கே முடிகிறது என்று தெரியாததால். உயரமான சீட்டில் உட்கார்ந்தால் அது தெரியும். வேகன்ஆரில் தெரிகிறது, எஸ்-பிரெஸ்ஸோவிலும் தெரிகிறது, ஆல்டோவில் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கும் அதேதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாழ்ந்த சீட் சித்திரவதை. உட்காரும்போது பொத்தென்று விழுவார்கள், எழும்ப முடியாது. வாங்கும் முன்னால் அம்மாவைக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள், டெஸ்ட் டிரைவை விட அதுதான் முக்கியம்.

கிளட்ச் மிதிக்கக் கஷ்டம் என்று தங்கச்சி சொன்னால் ஏஎம்டி பாருங்கள், கிளட்ச் இல்லாமல் கியர் தானே மாறும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் லேசாகப் பின்னால் உருளும், ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கப் பழகினால் போதும். நான் இப்போது அதுதான் ஓட்டுகிறேன், இனி கியர் வண்டிக்குப் போகமாட்டேன்.


ஸ்பேனர்:

டீச்சர் சொன்னது சரி. நான் வண்டி வேலை செய்கிறவன், அதனால் எந்த வண்டி என்று சொல்லமாட்டேன், எப்படிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

மக்கா, நம்ம மாவட்டத்தில் வண்டிக்கு முதல் எதிரி உப்புக்காத்து. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் ஐந்து வருஷம் நின்ற வண்டியும், குலசேகரம் பக்கம் ஐந்து வருஷம் நின்ற வண்டியும் ஒன்றல்ல. மேலே பெயிண்ட் மின்னும், கீழே அரித்திருக்கும். கதவைத் திறந்து அடி ஓரத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், செதிலாக வந்தால் விட்டுவிடுங்கள். டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள், பொய் சொல்லாத இடம் அது ஒன்றுதான். மலைப்பக்க வண்டி என்றால் துருவுக்குப் பதில் எலி. ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கிற வண்டியில் வயரிங்கைக் கடித்து வைத்திருக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றின வயர் எங்கே தெரிந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பார்க்கணும். 2021 நவம்பரில் நம்ம ஊர் எப்படி இருந்தது, 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி எப்படி இருந்தது என்று தெரியும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி ஒரு முழம் வரை. தண்ணீர் ஏறின வண்டியில் அந்தக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்குக் கீழே இருக்கிற தண்டவாளம் துருப்பிடித்திருந்தாலும் அதே கதைதான். உள்ளே வாசனை ஸ்பிரே கும்மென்று அடித்தால் சந்தேகப்படுங்கள்.

காலையில் போங்கள், வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே. பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் போடுகிற சத்தத்தை உங்களுக்குக் கேட்கவிடவில்லை என்று அர்த்தம். டயரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. வண்டி 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், ஆனால் நாலு டயரும் வேறு வேறு வருஷம் என்றால் ஓடோமீட்டரை நம்பாதீர்கள்.

2014 ஆல்டோவை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. ஏபிஎஸ்ஸும் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிச் சறுக்காமல் பார்த்துக்கொள்வது) டிரைவர் ஏர்பேக்கும் எல்லாக் காரிலும் கட்டாயமாக வந்தது 2019-ல். அதற்கு முந்தைய சின்னக் கார் பேஸ் மாடலில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. மழையில் சறுக்கி விழுந்ததால்தானே கார் வாங்குகிறீர்கள், அதே மழையில் ஏபிஎஸ் இல்லாத காரை ஏன் கொடுக்கிறீர்கள்? 2019 பாதிக்குப் பிறகு வந்ததைப் பாருங்கள்.


கையாலைக்காரன்:

டீச்சர் அக்கா, குட்டு சரியான இடத்தில் விழுந்தது. பதிவை அவளிடம் காட்டினேன், "இவங்க யாரு, எனக்கு இப்பவே பிடிச்சிருக்கு" என்றாள். நெய்யாற்றின்கரை வண்டியை விட்டுவிட்டேன், பக்கத்து வீட்டு அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து "என்ன முடிவு?" என்கிறார்.

இரண்டு கேள்வி. ஸ்பேனர் அண்ணே, இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் 2019, 2020 வண்டி ஓடுமா? அப்புறம் எலக்ட்ரிக் வைத்திருக்கிறவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள், மச்சான் விடமாட்டேன் என்கிறான். பாதுகாப்பில் டாடா டியாகோ நல்லது என்றும் ஒருத்தர் சொன்னார்.


ஸ்பேனர்:

ஓடும். இ20-க்கு என்றே செய்த வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்து வருகின்றன, அதற்கு முந்தையதில் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் சீக்கிரம் காயும். சர்வீஸ் விடும்போது பெட்ரோல் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் உடனே கொண்டுபோங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மே மாத லீவில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

டியாகோ குளோபல் என்கேப் என்கிற மோதல் சோதனையில் 2020-ல் ஐந்துக்கு 4 ஸ்டார் வாங்கியது. 2023-ல் ஆல்டோ கே10 இரண்டு, வேகன்ஆர் ஒன்று. இது உண்மை, மறைக்கவேண்டியதில்லை. இன்ஜின் 1199 சிசி, மைலேஜ் கொஞ்சம் குறைவு, ஆனால் பற்றுவரவு அண்ணன் போட்ட 800 ரூபாய் கணக்கு அதற்குத்தான் பொருந்தும். சீட் வேகன்ஆர் அளவுக்கு உயரமில்லை, அம்மாவை உட்காரவைத்துப் பாருங்கள்.


பார்வதிபுரம் இவி:

மச்சான் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குச் சொல்லவில்லை. நான் டியாகோ இவி, சின்ன பேட்டரி, 19.2 யூனிட் ஒன்றரை வருஷமாக ஓட்டுகிறேன். கம்பெனி சொன்னது 250 கிலோமீட்டர், ஏசி போட்டு எனக்குக் கிடைப்பது 160, 170. உங்கள் 22 கிலோமீட்டருக்கு அதுவே தாராளம், வாரத்தில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். வருஷம் 7,500 கிலோமீட்டருக்கு 850, 900 யூனிட் ஆகும், அதாவது இரண்டு மாத பில்லில் 140, 150 யூனிட் கூடும். இங்கேதான் பலர் கணக்கை விடுகிறார்கள்: உங்கள் வீட்டு பில் ஏற்கனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதற்கு மேல் போகிறதெல்லாம் கூடிய விகிதத்தில் வரும். அப்படியும் பெட்ரோலில் கால்வாசிகூட ஆகாது.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். எங்கள் பழைய வீட்டில் எர்த் சரியில்லை, முதல் ராத்திரி சார்ஜர் சிவப்பு லைட் காட்டி அப்படியே நின்றுவிட்டது, புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்ட பிறகுதான் ஏற்றியது. காற்று மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள், உங்களுக்கு எர்டிகா இருக்கிறதே, இரண்டாவது வண்டியாக இவி பொருந்துவது அதனால்தான். ஆனால் நாலு லட்சத்துக்கு நல்ல இவி கிடைக்காது. பேட்டரியை வாடகைக்கு எடுத்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுகிற திட்டமும் உண்டு, கொஞ்சம் ஓடுகிறவருக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. பட்ஜெட்டைக் கூட்டினால் வாருங்கள், இல்லையென்றால் பெட்ரோலே எடுங்கள்.

ஆமாம், என்ன வண்டி எடுத்தாலும் தென்னை மூட்டில் நிறுத்தாதீர்கள். என் முதல் வண்டியின் முன் கண்ணாடி போனது ஆக்ஸிடென்டில் இல்லை, மேலே இருந்து விழுந்த நெற்றுத் தேங்காயில்.


கையாலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. முடிந்தது. டிஎன் 75, 2020 வேகன்ஆர் 1.0, ஒரே ஓனர், மார்த்தாண்டம் பக்கம். 4.15 கேட்டார், 4.05-க்கு முடித்தோம். காலை ஆறரைக்கே போய் நின்றேன், பானெட் ஜில்லென்று இருந்தது, நான் அதைத் தொட்டுப் பார்ப்பதை ஓனர் வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டே பார்த்துச் சிரித்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், சுத்தம். ஸ்டெப்னி குழியில் ஒரு பழைய குடையும் இரண்டு காய்ந்த பாக்கும் கிடந்தன. டயர் நாலும் 2020, தேய்ந்துவிட்டது, அதைக் காட்டித்தான் பத்தாயிரம் குறைத்தேன்.

முதலில் ஒரு டியாகோவும் பார்த்தோம். அம்மா உட்கார்ந்தார், எழும்பக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான், அது போனது. வேகன்ஆரில் ஏறிவிட்டு "நாற்காலியில இருக்க மாதிரி இருக்கு" என்றார். 4 ஸ்டாரை விட்டது மனதில் கொஞ்சம் உறுத்தல்தான், மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்கிறாள்.

முடுக்கில் அவளே ஓட்டி வந்தாள். நான் முன்னால் நடந்து கை காட்டினேன், வளைவில் கண்ணாடியை இறக்கி "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா போதும்" என்றாள். கையாலையில் படவில்லை. நான் எர்டிகாவில் படாமல் வந்த நாள் ஞாபகமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் ஆல்டோவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், நல்லவேளை. இப்போது ஒரே பிரச்சினை, அப்பா ஷெட்டுக்கு இடம் அளந்து கயிறு கட்டி வைத்திருக்கிறார், சரியாக இரண்டு தென்னைக்கு நடுவில்.